தீயில்லாத சட்டி

ஜெயசீலி என்ற பேரை நான் முதன்முதலாகக் கேட்டது ஒரு கூப்பாட்டில்தான். கல்யாணமாகி சாத்தான்குளத்துப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்து இறங்கி ஒரு மாதம் இருக்கும். சந்துக் குழாயில் தண்ணீருக்கு நிற்கிறேன். எனக்கு முன்னால் தாவணி போட்ட ஒரு பிள்ளை குடத்தைக் குழாயடியில் வைத்துவிட்டு நிற்கிறது. அப்போது உள் சந்திலிருந்து ஒரு பொம்பளைக் குரல், "ஏட்டி ஜெபக்கனி, ஜெயசீலி ஸ்டவ் மேல விழுந்துட்டாட்டி" என்றது. அந்தப் பிள்ளை குடத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடியது. குடம் நிறைந்து வழிய, நாங்கள் எல்லாரும் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

பிறகு விசாரித்தால் சொந்தம்தான். அந்தப் பிள்ளைகளின் அம்மா ஞானப்பூ என் மாமனாருக்குச் சித்தப்பா பேத்தி. என் வீட்டுக்காரருக்கு அக்கா முறை. ஆக, மூத்தவள் ஜெபக்கனிக்கும் இளையவள் ஜெயசீலிக்கும் நான் அத்தை. ஜெயசீலிக்கு அப்போது பத்து வயது இருக்கும். கஞ்சி கொதிக்கிறது, பார்த்துக்கொள் என்று தங்கச்சியை ஸ்டவ் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு அக்காக்காரி தண்ணீருக்கு வந்திருக்கிறாள். அந்த நேரத்தில் சின்னவளுக்கு வலிப்பு வந்துவிட்டது. இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் வெந்துபோயிற்று. ஆறின பிறகும் அந்தத் தோல் கசக்கி விரித்த காகிதம் போலத்தான் இருந்தது.

வலிப்பு என்று நான் இப்போது சொல்கிறேன். அந்த வீட்டில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. "மயக்கம்" என்பார்கள். "புள்ளைக்கு நேத்து ஒரு மயக்கம் வந்துட்டு" என்பார் ஞானப்பூ மைனி. கையில் சாவிக்கொத்தைத் திணிக்கிறதும் வாயோரம் துடைக்கிறதும் கதவைச் சாத்தி வைத்துக்கொண்டு நடக்கும். சந்தில் எல்லாருக்கும் தெரியும். நாங்களும் மயக்கம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.

அன்றைக்கு ஓடின ஓட்டத்தை ஜெபக்கனி அதற்குப் பிறகு நிறுத்தவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். தங்கச்சியை அடுப்புப் பக்கம் அண்டவிட மாட்டாள். தீயும் ஆகாது, தண்ணீரும் ஆகாது, அரிவாள்மணையும் ஆகாது. அரிசியில் கல் பொறுக்கலாம், பூண்டு உரிக்கலாம், கீரை ஆயலாம். அதோடு சரி. ஜெயசீலி வாசல்படியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டே உள்ளே பார்த்து, "அக்கா, கடுகு கருகுது" என்பாள். "மூக்கு மட்டும் சமையல்காரிக்கு இருக்கு" என்று அக்கா கேலி பண்ணுவாள். சமைக்கத் தெரியாத பெண்கள் உண்டு, சமைக்கப் பிடிக்காத பெண்களும் உண்டு. இவள் சமைக்க விடப்படாதவள்.

கல்யாணம் மட்டும் பண்ணி வைத்தார்கள். மாப்பிள்ளை ஜோன்ஸ், உல்லாஸ்நகரில் ஜீன்ஸ் தைக்கிற பட்டறையில் வேலை. நம் பக்கத்து ஆட்கள்தான். கோயிலில் கல்யாண அறிக்கை வாசிப்பதற்கு முன்னால் சபை ஐயர் இவள் அப்பாவைக் கூப்பிட்டு, பிள்ளைக்கு நோய்நொடி ஏதும் உண்டா என்று கேட்டிருக்கிறார். அவர் மேசை மேல் இருந்த வேதப்புத்தகத்தில் கையை வைத்து, ஒன்றும் கிடையாது என்று சொல்லிவிட்டார். கையில் இருந்த தழும்புக்கு, கஞ்சிப்பானை சரிந்துவிட்டது என்று ஒரு கதை. பெற்றவர், மகளுக்கு ஒரு வாழ்க்கை அமையட்டும் என்று நினைத்தார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அந்தப் பொய் யார் தலையில் விடிந்தது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

வலிப்பு மாத்திரையைப் புருஷன் வீட்டில் எங்கே வைத்துத் தின்பாள்? அடுப்பு அங்கேயும் ஜோன்ஸின் அக்கா கையில்தான், இவளுக்கு அரிசி பொறுக்குகிற வேலை. அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்து ஒளித்து வைத்துத் தின்றாள். தீர்ந்துபோனால் வாங்கி வரச் சொல்ல வழியில்லை. ஜெப்ரி பிறந்தான். அவன் தவழ்கிற வயதில், மடியில் வைத்துக்கொண்டு வாசலில் இருந்தபோது வந்துவிட்டது. பிள்ளை உருண்டு படியில் நெற்றி கிழிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜோன்ஸ் இவளைத் தாராவிக்குக் கூட்டிக்கொண்டு வந்து இவள் அப்பா முன்னால் நிறுத்தினான். நான் அன்றைக்கு அங்கே இருந்தேன். அவன் சத்தம் போடவில்லை.

"மயக்கம்னுகூட எங்கிட்ட சொல்லலியே மாமா" என்றான். "அத மட்டும் சொல்லியிருந்தா நானே மாத்திர வாங்கிக் குடுத்திருப்பேனே."

பிள்ளையை அவன் விடவில்லை. ஜோன்ஸின் அக்கா வளர்த்தாள். வளர்த்தவள் நல்லாத்தான் வளர்த்தாள். ஆனால் சோற்றோடு சேர்த்து ஒரு பேச்சையும் ஊட்டி வளர்த்தாள்: "ஒங்க அம்ம குடும்பம் வேதத்துல கைய வச்சே பொய் சொல்லுத குடும்பம்."

அம்மா அப்பா போன பிறகு ஜெயசீலி அக்கா வீட்டில் இருந்தாள். ஜெபக்கனிக்கும் புருஷன் இல்லை. ஒரே மகள் ஜெனி நர்சுக்குப் படித்து அயர்லாந்துக்கு வேலைக்குப் போய்விட்டாள். பத்துக்குப் பத்து அறையில் அக்காவும் தங்கச்சியும். அந்த அடுப்பில் அக்கா மட்டும்தான் சமைத்தாள்.

ஜோன்ஸ் மாரடைப்பில் போய்ச் சேர்ந்த வருஷம், ஜெப்ரி அம்மாவைத் தேடிக்கொண்டு தானாக வந்தான். நவி மும்பையில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிற ஆம்பளை. நெற்றியில் அந்தப் படி கிழித்த கோடு. ஜெபக்கனி அப்போது கடைக்குப் போயிருந்தாள். பெற்ற மகன் முதல்முறையாக வந்து எதிரே உட்கார்ந்திருக்கிறான்; இவளுக்கு ஒரு வாய் டீ போட்டுக் கொடுக்க உரிமை இல்லை. பின்பக்கத்து டீக்கடைக்கு ஓடிப் போய் இரண்டு கட்டிங் டீ வாங்கி வந்து வைத்தாள். அவன் குடித்துவிட்டு, "நல்லாருக்கும்மா" என்றானாம். கடை டீ என்று அவனுக்கும் தெரியும்.

அதை என்னிடம் சொல்லி அழுத மாதிரி அவள் எதற்கும் அழுததில்லை. புருஷன் விட்டுப் போனதற்குக்கூட அப்படி அழவில்லை.

ஜெனியிடம் போனில் சொல்லியிருக்கிறாள் போல. அந்தப் பிள்ளை அடுத்த லீவில் வரும்போது துணிமணிகளுக்கு நடுவில் வைத்துச் சுற்றி ஒரு பெரிய பெட்டி கொண்டுவந்தாள். திறந்தால் உள்ளே ஒரு பீங்கான் சட்டி, கண்ணாடி மூடி, சட்டியைச் சுற்றி ஒரு இரும்புக் கூடு, கூட்டில் ஒரு திருகு. ஸ்லோ குக்கராம், கரண்டில் வேகுமாம். காலையில் போட்டு விட்டால் சாயங்காலம் வெந்திருக்குமாம்.

"இதுல தீ கிடையாது சித்தி" என்றாள் ஜெனி. "கொதிச்சுத் தெறிக்காது. நீங்க விழுந்தாலும் மேல விழ மாட்டீங்க, தரையில ஒரு மூலையில வச்சிடலாம்."

ஜெபக்கனி சட்டியை நாலு பக்கமும் சுற்றிப் பார்த்துவிட்டு, "தீயில்லாம வேகுத சோத்த நான் எங்கயும் கேட்டதில்ல. வெயில்ல காயவச்சா கருவாடு ஆகும், கறி ஆவாது" என்றாள்.

ஜெனி அங்கே ஞாயிற்றுக்கிழமைதோறும் அதில் வைக்கிறது கோழிக்கறி போட்ட கிரீம் பாஸ்தாவாம். அதைத்தான் முதலில் சொல்லிக் கொடுத்தாள். ஜெயசீலி என் வீட்டு வாசலுக்கு வந்து, "அத்தை, நாளைக்கு எங்க வீட்ல பாஸ்தா, வந்துருங்க" என்றபோது, எந்தச் சபை பாஸ்டர் வருகிறார் என்று நான் கேட்டேன். அதை ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அரிவாள்மணை ஆகாது என்பதால் உதுமான் பாய் கடையில் எலும்பில்லாமல் கட்டைவிரல் அளவுக்கு வெட்டித் தரச் சொல்லிவிடுவாள். பூண்டை உரித்துக் குழவியால் நசுக்குவாள். வெங்காயத்தைக் கையாலேயே இதழ் இதழாகப் பிய்த்துப் போடுவாள். உப்பு, மிளகு, கொஞ்சம் வெண்ணெய், ஒரு தம்ளர் தண்ணீர். திருகைத் திருப்பி மூடி வைத்தால் அவ்வளவுதான். கறி வெந்து நார்நாராக வந்த பிறகு அட்டைப் பெட்டியில் வருகிற கிரீமையும் சீஸையும் ஊற்றிக் கிண்டி, கடைசியில் அந்தக் குழல் குழலான பாஸ்தாவைப் போட்டு அரைமணி நேரம். நடுவில் மூடியைத் திறக்கவே கூடாது, திறந்தால் சூடு போய்விடும் என்று ஜெனி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். ஜெயசீலி எதிர்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அந்தக் கண்ணாடி மூடியில் வேர்க்கிறதையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

முதல் தடவை நான் தின்றபோது, பாயசத்தில் சீனிக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டாளோ என்று தோன்றியது. சொல்லவில்லை. ஆனால் கறி வெந்திருந்த பக்குவம் இருக்கிறதே, வாயில் வைத்ததும் கரைந்தது. மூன்றாம் தடவைக்கு நானே இன்னொரு கரண்டி கேட்டேன். ஜெனி அயர்லாந்துக்குத் திரும்பிப் போன பிறகும் இரண்டு தடவை தனியாக வைத்தாள். இரண்டு தடவையும் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாற்பத்தெட்டு வயதில் ஒரு பொம்பளை முதல்முறையாகத் தான் சமைத்ததைப் பிறர் தின்னப் பார்க்கிறாள். அந்த முகத்தை நான் பார்த்தேன்.

அந்தச் சமயத்தில்தான் ஜெப்ரிக்குக் கல்யாணம் முடிந்தது. பெண் லிசா, செம்பூரில் பிறந்து வளர்ந்தவள், அவளும் வேலைக்குப் போகிறாள். குணமான பிள்ளை. நெருளில் வாடகைக்கு வீடு எடுத்தார்கள். உள்ளே ஒரு சின்ன அறை சும்மா கிடந்தது. அம்மாவை அங்கே கொண்டுவந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஜெப்ரிக்கு ஆசை. லிசாவுக்கும் வேண்டாம் என்று இல்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: நாங்கள் இரண்டு பேரும் காலையில் போனால் இருட்டித்தான் வருவோம், பகல் முழுக்க அம்மா தனியாக இருப்பார்கள், பசித்து எழுந்து கேஸைத் தொட்டு ஏதாவது ஆகிவிட்டால்? நியாயமான கேள்விதான்.

ஜெப்ரி அந்தச் சட்டியைப் பற்றிச் சொன்னானாம். கேஸைப் பூட்டிவிட்டு இதை மட்டும் வைத்துவிட்டுப் போகலாம், அம்மா நன்றாகச் செய்கிறார்கள் என்று. அப்படியானால் ஒரு தடவை நானும் பார்க்கிறேன், விருந்துக்குப் போவோம் என்று லிசா சொல்லியிருக்கிறாள்.

புதுப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வீட்டுக்குக் கூப்பிட்டு விருந்து வைப்பது நம் வழக்கம். ஊரெல்லாம் வைத்த பிறகும் பெற்ற தாய் வைக்கவில்லை என்றால் அது என்ன கணக்கு? பிரியாணிக்குச் சொல்லிவிடுவோம் என்றாள் ஜெபக்கனி. ஜெயசீலி ஒத்துக்கொள்ளவில்லை. நான்தான் வைப்பேன், என் கையால்தான் போடுவேன் என்று நின்றாள். அந்த ஒரு வேளைச் சோறு சரியாக அமைந்தால் மகன் வீட்டுக்குப் போகலாம். அது அவளுக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் எல்லாவற்றையும் போட்டு மூடி, திருகைத் திருப்பி வைத்தாள். சாயங்காலம் பிள்ளைகள் வருகிறார்கள். பகல் மாத்திரை போட்டால் அவளுக்குக் கண்ணைச் சுற்றிக்கொண்டு தூக்கம் வரும். படுத்துவிட்டாள்.

இருட்டுகிற நேரத்துக்கு நானும் போனேன். ஜெப்ரியும் லிசாவும் வந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள். லிசா மாமியாருக்கு ஒரு சேலை வாங்கி வந்திருந்தாள். பேசிச் சிரித்துக்கொண்டிருந்தோம். ஜெயசீலி கிரீமையும் பாஸ்தாவையும் போடுவதற்காகக் குனிந்து மூடியைத் தூக்கினாள். தூக்கினவள் அப்படியே நின்றாள்.

ஆவி வரவில்லை. கரண்டியால் ஒரு துண்டை எடுத்துப் பார்த்தாள். மேலெல்லாம் வெளுத்து, உள்ளே ரோஸ் நிறத்தில் பச்சையாக இருந்தது. சட்டியைத் தொட்டால் ஆறின வெந்நீர்ச் சூடுதான். திருகு அவள் வைத்த இடத்திலேயே இருந்தது. அலமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். சுவர் சுவிட்ச் அணைந்திருந்தது.

"அக்கா" என்றாள். "நீ அணைச்சியா?"

ஜெபக்கனி லிசாவைப் பார்த்தாள். ஜெப்ரியைப் பார்த்தாள். "நான் அந்தப் பக்கமே போவலியே ளா" என்றாள்.

ஜெயசீலி அந்தச் சுவிட்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பெரிதாக விழுகிறது மட்டும் இல்லை. சில சமயம் கண் ஒரு நிமிஷம் நிலைகுத்தி நிற்கும், அந்த நேரத்தில் கை எதையாவது செய்துகொண்டிருக்கும், பிறகு ஒன்றும் நினைவில் இருக்காது. வெகுநாளாக அது இல்லாமல் இருந்தது.

"அப்ப நாந்தான் அணைச்சிருப்பேன்" என்றாள். "எனக்கு வந்திருக்கும் போல. தெரியல."

"அரே அம்மா, டென்ஷன் எடுக்காத" என்று ஜெப்ரி எழுந்து போய்ப் பக்கத்து ஓட்டலில் பிரியாணி வாங்கி வந்தான். லிசாவே தட்டு எடுத்து வைத்து, "பரவால்ல மம்மி, இன்னொரு நாள் சாப்பிடலாம்" என்றாள். ஜெயசீலி பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்து அவர்கள் தட்டில் போட்டாள். ஒவ்வொருவருக்கும் ஒரு முட்டை சரியாக வைத்தாள். சட்டியில் இருந்ததை நான்தான் கொண்டுபோய்க் கொட்டினேன்.

கிளம்பும்போது ஜெப்ரி வாசலில் வைத்து அம்மாவிடம், டாக்டரைப் பார்த்து மாத்திரையை மாற்றச் சொல்வோம், அதுவரைக்கும் பெரியம்மாகூடவே இரு என்று சொன்னான். அவள் சரி என்றாள். அதுவரைக்கும் என்றால் எதுவரைக்கும் என்று கேட்கவில்லை.

நாலைந்து நாள் ஜெபக்கனி ஒழுங்காகச் சோறு தின்னவில்லை. உபவாச ஜெபத்துக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் என் வீட்டுக்குள் நுழைந்து, கதவைச் சாத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"அத்தை, நாந்தான் அணைச்சேன்" என்றாள்.

நடந்தது இதுதான். மதியம் அவள் உள்ளே வந்திருக்கிறாள். தங்கச்சி தூங்குகிறாள். வெளிநாட்டு வயரை நம்மூர்ச் சுவரில் சொருகுவதற்கு ஜெனி ஒரு மாற்றுப் பிளக் வாங்கிப் போட்டிருந்தாள். தொட்டுப் பார்த்தால் அது சுட்டிருக்கிறது. சட்டியைத் தொட்டாள், அதுவும் சுட்டது. கேஸில் அரைமணி நேரத்தில் வேகிற கோழி, இவ்வளவு நேரமாகச் சூட்டிலேயே கிடக்கிறது, வெந்திருக்காதா? வெந்திருக்கும், இனி எதற்கு வீணாக எரியவிட வேண்டும், தீப்பிடித்தால் தூங்குகிறவள் என்ன செய்வாள் என்று சுவிட்சை அணைத்துவிட்டாள். மூடியைத் திறந்து பார்க்கவில்லை. திறக்கக் கூடாது என்றுதானே சொல்லியிருக்கிறார்கள். சுட்டால் வெந்தது என்பதுதான் அவளுக்குத் தெரிந்த சமையல். அந்தச் சட்டி தொடக்கத்திலேயே சுடும், வேக மட்டும் பகல் முழுக்க ஆகும் என்பது அவளுக்குத் தெரியாது.

ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"வாய் முந்திட்டு அத்தை. புதுப்பொண்ணு பாக்கா. பொல்லாப்பு வந்துருமேன்னு என்ன அறியாம சொல்லிட்டேன். சொன்ன பெறகு எப்படித் திருப்பி எடுக்க?" பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "அவ போயிட்டா நான் இங்கன யாருக்குக் கஞ்சி வைக்க?" என்றாள்.

அது முன்னாலேயே அவள் மனதில் இருந்ததா, பிறகு வந்ததா என்று அவளுக்கே தெரியாது என்றுதான் நான் நினைக்கிறேன். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்த் தங்கச்சி முன்னால் சொல்லவைத்தேன்.

ஜெயசீலி திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் உரித்துக்கொண்டிருந்த பூண்டைக் கீழே வைத்துவிட்டு, அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப எனக்கு ஒண்ணும் வரல" என்றாள். "எனக்கு வரவே இல்லியாக்கா. நான் சரியாத்தான் வச்சிருக்கேன்."

அப்படியே சிரித்தாள். சிரித்துக்கொண்டே இப்போதே ஜெப்ரிக்குப் போன் போடு, நீயே சொல் என்றாள். ஜெபக்கனி போட்டாள். எல்லாரும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் வைத்தோம். ஜெபக்கனி அழுதுகொண்டே ஒன்று விடாமல் சொன்னாள். பிளக் சுட்டது, சட்டி சுட்டது, அணைத்தது, வாய் தவறிப் பொய் சொன்னது.

ஜெப்ரி ஆபீஸில் இருந்தான் போல, பின்னால் ஆட்கள் பேசுவது கேட்டது.

"பெரியம்மா, நீங்க அம்மா மேல எவ்வளவு பாசம் வச்சிருக்கீங்கன்னு தெரியும்" என்றான். "அதுக்காக இதெல்லாம் சொல்லாதீங்க. அம்மாவுக்கு வந்தா வந்ததுதான, அதுல என்ன தப்பு இருக்கு?"

"இல்ல மக்கா, நெசமாவே நாந்தாம்ல. வேதத்துல கைய வச்சுச் சொல்லட்டுமா?"

"தாத்தாவும் அப்படித்தான் சொன்னாராம்" என்றான் ஜெப்ரி.

கோபமாகச் சொல்லவில்லை. ஒரு செய்தி சொல்கிற மாதிரிதான் சொன்னான். ஜெயசீலி போனை வாங்கி, "சாப்டியா மக்கா?" என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றான். வைத்துவிட்டாள்.

அவனைக் குற்றம் சொல்ல நான் தயாரில்லை. அவன் காது கேட்டு வளர்ந்தது அப்படி. இந்த வீட்டில் அன்புக்காகச் சொன்ன பொய்க்கும் உண்மைக்கும் ஒரே குரல்தான், அவன் எதை வைத்துப் பிரித்துப் பார்ப்பான்? நம்பாதது மட்டுமில்லை, நம்பவில்லை என்பதைக்கூட மரியாதையாகச் சொன்னான். அதுதான் தாங்க முடியவில்லை.

இன்னொரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், மறுபடியும் வைக்கிறேன் என்று ஜெயசீலி இரண்டு மூன்று தடவை கூப்பிட்டாள். வருகிறோம் என்றுதான் சொன்னார்கள். ஒரு வாரம் லிசாவின் தங்கை வீட்டில் விசேஷம், ஒரு வாரம் ரயில் பாதையில் வேலை, வண்டி ஓடவில்லை. அதற்குள் லிசா முழுகாமல் இருந்தாள். வாந்தி ஓயவில்லை, பார்த்துக்கொள்ள அவளுடைய அம்மா செம்பூரிலிருந்து நெருளுக்குப் போனாள். அந்தச் சின்ன அறையில் அந்த அம்மாவின் கட்டில் போட்டாயிற்று. பிள்ளை பிறந்த பிறகு அந்த அம்மா அங்கேயே தங்கிவிட்டாள். இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் கைக்குழந்தையை யார் பார்ப்பது? அதுவும் நியாயம்தான்.

ஞானஸ்நானத்துக்கு எங்களையும் கூப்பிட்டார்கள், போனோம். ஜெயசீலி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பேத்தியைக் கொடுங்கள் என்று கையை நீட்டினாள். லிசா அவளுக்கு இரண்டு பக்கமும் தலையணை வைத்து, பிள்ளையை மடியில் கிடத்தி, தன் கையைப் பிள்ளைக்கு அடியில் இருந்து எடுக்காமலேயே பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். எல்லாரும் போட்டோ எடுத்தார்கள்.

திரும்பி வரும்போது ரயிலில் நான், பிள்ளை எப்படி இருக்கிறாள், கனமாக இருக்கிறாளா என்று கேட்டேன்.

"கனம் தெரியல அத்தை" என்றாள் ஜெயசீலி. "பாதிக் கனம் அவ கையிலல்லா இருந்துச்சு."

ஜெபக்கனி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்தச் சட்டியை அவள் தூக்கிப் போட்டுவிடவில்லை. எப்போதாவது அதில் கோழி வைக்கிறாள். பாஸ்தா இல்லை, வெறும் கறிதான். அவள் வைக்கிற நாளில் ஜெபக்கனி வீட்டுக்குள் இருக்க மாட்டாள். சந்தில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, வெந்துவிட்டது என்று தங்கச்சி கூப்பிடுகிற வரைக்கும் உள்ளே போக மாட்டாள். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை. ஜெப்ரி மாதாமாதம் மாத்திரை வாங்கி அனுப்புகிறான், ஞாயிற்றுக்கிழமை போன் பேசுகிறான். நல்ல மகன்தான்.

ஜெயசீலி இப்போதும் தாராவியில், அக்கா வீட்டில்தான் இருக்கிறாள்.